பேரூர், வடவள்ளி பக்கம் காற்று நிஜமாகவே சுத்தமா?

கேள்வி, 9 டிசம்பர் 2023
திருப்பூரிலிருந்து கேட்கிறேன். கோவையில் பேரூருக்கும் வடவள்ளிக்கும் நடுவே ஒரு வீடு பார்த்திருக்கிறோம். அம்மாவுக்கு வீசிங் உண்டு. "மலையடிவாரமுங்க, ஊட்டிக் காத்து, ஏசியே வேண்டாம்" என்கிறார் தரகர். அங்கேயே குடியிருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், நம்பலாமா?

9 டிசம்பர், இரவு
தாராளமாக வாங்குங்கள் தம்பி. பிறந்ததிலிருந்து நாற்பத்தாறு வருஷமாக இங்கேதான் இருக்கிறேன். ஊட்டிக் காற்று என்பது மட்டும் புளுகு. இது பாலக்காட்டுக் காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்கு மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. கேரளத்துக் கடல் காற்று அந்த வழியாகத்தான் கோவைக்குள் வருகிறது. ஊர் 400 மீட்டருக்குக் கொஞ்சம் மேலான உயரத்தில் இருப்பதும் ஒரு கூடுதல் வசதி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

10 டிசம்பர், காலை
நேற்று எழுதியதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

இன்று ஆறரைக்குத் துணி எடுக்க மாடி ஏறினேன். மருதமலையைக் காணோம். கோபுரம் தெரியவில்லை, மலைப்பாதை விளக்குகள் தெரியவில்லை, மலையே தெரியவில்லை. பனி என்று நினைத்து இறங்கி வந்தேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்த எங்கள் அம்மா, "பனிக்கு வாசமில்லை கண்ணு, மூக்கை வெச்சுப் பாரு" என்றார். பார்த்தேன். ஓலை கருகின வாசம். இத்தனை வருஷமாக இதே மூக்கோடு இதே தெருவில் இருந்திருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை.

14 டிசம்பர்
கருவி ஒன்று வாங்கிவிட்டேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும், அதன் மேல் லேசர் ஒளி படும், தூசியில் பட்டு ஒளி சிதறுவதை வைத்துக் கணக்குச் சொல்லும். பிஎம் 2.5 என்கிறார்களே, அது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான தூசும். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்கார்ந்துகொள்ளும்.

மோட்டார் ரீவைண்டிங் தொழில் செய்கிறவனுக்கு அளக்கிற எதைப் பார்த்தாலும் ஆசை வரும், அதுதான் காரணம். அம்மா அதற்கு மூக்கன் என்று பெயர் வைத்துவிட்டார். பின்கட்டு ஜன்னலில் மாட்டியிருக்கிறேன்.

15 டிசம்பர்
மதியம் 30 காட்டுகிறான், அதாவது ஒரு கனமீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் தூசு என்று கணக்கு. காலை ஆறு மணிக்கு நூறைத் தாண்டுகிறான். தரகர் எத்தனை மணிக்கு வீடு காட்டினார் தம்பி?

18 டிசம்பர்
தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியிருக்கிறது. இங்கே மழை பெரிதாக இல்லை, வானம் மட்டும் ராத்திரி முழுக்க மூடியே கிடந்தது. விடியற்காலையில் மூக்கனைப் பார்த்தால் சாதுவாக உட்கார்ந்திருக்கிறான். ஓலை எரிக்கிறவர்கள் வழக்கம்போல எரித்தார்கள், அதையும் பார்த்தேன். புகை நிற்கவில்லை, அவ்வளவுதான். ஏன் என்று காலையிலிருந்து மண்டையைக் குடைகிறது.

21 டிசம்பர்
குடைந்ததற்கு விடை பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்தது: வெப்பத் தலைகீழ் மாற்றம்.

சாதாரணமாகத் தரையருகே சூடு, மேலே போகப் போகக் குளிர். அதனால் புகை மேலே ஏறிக் கலைந்துவிடும். மழை முடிந்த மார்கழியில் வானம் துடைத்துவிட்டமாதிரி இருக்கும்போது, தரையின் சூடு ராத்திரியில் மளமளவென்று வெளியேறிவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழே படுத்துக்கொள்ளும், அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று உட்கார்ந்துவிடும். சட்டிக்குத் தட்டு போட்ட கதை. பகலில் ஒன்று ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக்குப் பரவ இடம் இருந்த புகைக்கு, ராத்திரி 100, 200 மீட்டர்தான் மிச்சம். மேகம் மூடிய ராத்திரிகளில் தரை அவ்வளவு குளிராது, தட்டும் விழாது. 18ஆம் தேதி நடந்தது அதுதான்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நமக்கு இன்னொன்றும் இருக்கிறது. மலைச்சரிவில் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி கீழே வழிந்து, நொய்யல் ஓரத்துப் பள்ளத்தில் வந்து தேங்கும். நம்பாதவர்கள் மார்கழி ராத்திரியில் வண்டியில் பேரூர்ப் பாலத்துக்கு இறங்கிப் பாருங்கள். பாலம் நெருங்கும்போது முழங்கால் சில்லிடும், தாண்டி மேடேறினால் சரியாகிவிடும். இருபது வருஷமாக அதை "ஆத்துக் காத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆற்றில் அப்போது தண்ணீரே இருக்காது என்பது வேறு விஷயம்.

23 டிசம்பர்
மூக்கன் பொய் சொல்கிறான்.

இன்று நிஜமான பனி. புல்லெல்லாம் நனைந்து கிடக்கிறது, மூக்குக்கு எந்த வாசமும் இல்லை, அம்மாவும் சான்றிதழ் கொடுத்துவிட்டார். மூக்கனோ 160 என்கிறான். எட்டரைக்கு வெயில் வந்து பத்து நிமிஷத்தில் மருதமலை பளிச்சென்று தெரிந்தது, அவனும் 50க்கு இறங்கிவிட்டான். புகையாக இருந்தால் அப்படிக் கலையாது. மலை இடுப்பில் பழுப்பு வேட்டி கட்டின மாதிரி ஒரு கோடு பத்து மணி வரைக்கும் நிற்கும்.

ஈரப்பதம் ஏறும்போது தூசு தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடுகிறது. லேசருக்குத் தூசும் துளியும் ஒன்றுதான். அதனால்தான் அரசு நிலையங்களில் இருக்கும் பெரிய கருவிகள் காற்றை லேசாகச் சூடாக்கி, ஈரத்தைப் போக்கிவிட்டு அளக்கின்றன. குறிச்சி சிட்கோவில் இருக்கிற நிலையத்தின் எண்ணும் என் எண்ணும் அதிகாலையில் மட்டும் ஒட்டாமல் போவதற்கு இது ஒரு காரணம். இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரம் இன்னொன்று.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஒரு வகை மலிவுக் கருவிக்காக ஒரு திருத்தக் கணக்கு வைத்திருக்கிறது. கருவி சொன்னதை 0.524ஆல் பெருக்கு, ஈரப்பதத்தை 0.0862ஆல் பெருக்கிக் கழி, 5.75 கூட்டு. 120 காட்டும்போது ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் விடை 61. பாதி போய்விட்டது! அது அவர்கள் ஊர்க் காற்றுக்குப் போட்ட கணக்கு, நம் ஓலைப்புகைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் 15ஆம் தேதி "நூறைத் தாண்டுகிறான்" என்று நான் அலறியதைப் படித்தவர்கள் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

29 டிசம்பர்
இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு நாள் யோசித்தேன்.

தினமும் காலை 5.40க்கு மூக்கன் எகிறுவதைக் கவனித்துக்கொண்டே வந்தேன். அதே நிமிஷம், அதே எகிறல். முதலில் வடக்குப் பக்கத்து மலைக்கு அந்தாண்டை இருக்கிற தடாகம் பள்ளத்தாக்கின் மேல் சந்தேகம். அங்கே செங்கல் சூளைகளை 2021இலேயே மூட உத்தரவு வந்துவிட்டது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அடுத்து மதுக்கரைச் சிமென்ட் ஆலைப் பக்கம், அடுத்து எதிர்வீட்டுக்காரர். நேற்று டார்ச்சை எடுத்துக்கொண்டு துப்பறியக் கிளம்பினேன். பின்கட்டுக் கதவைத் திறந்ததும் துப்பு கிடைத்துவிட்டது.

எங்கள் வெந்நீர் அடுப்பு. அம்மா 5.40க்குத் தேங்காய் மட்டையை வைத்துப் பற்றவைக்கிறார். மூக்கன் அதற்கு ஏழடி மேலே தொங்குகிறான். அந்தத் தண்ணீரில்தான் நான் குளித்துவிட்டு உட்கார்ந்து, ஊர்ப்புகையைப் பற்றி உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

30 டிசம்பர்
சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள். மூக்கனை வாசல் பக்கம் மாற்றிவிட்டேன். எகிறல் குறைந்தது, போகவில்லை. அப்படியானால் தெருவில் வேறு யார்? காலையில் நடந்துபோய் எண்ணினேன். 22 வீட்டில் 9 வீட்டில் பின்கட்டில் புகை. தென்னந்தோப்புகளை மனை போட்டு வீடு கட்டின ஊர் இது. ஒவ்வொரு வீட்டிலும் நாலு மரம் மிச்சம் இருக்கும். மட்டை, பாளை, பன்னாடை, ஓலை எல்லாம் சும்மா விழுகிறது. கேஸ் விலை தெரிந்த யாரும் அதை எரிக்காமல் விடமாட்டார்கள்.

எரியும்போது பெரிதாகத் தெரியாது. பாதி ஈரமாக இருக்கிற மட்டை புகையும்போதுதான் தொல்லை. மழை முடிந்த கையோடு எரிப்பதெல்லாம் ஈரமட்டைதான்.

6 ஜனவரி 2024
அம்மாவிடம் ஹீட்டர் போடலாம் என்றேன். "போடு. மட்டையை எங்க போடறது?" என்றார். நியாயமான கேள்வி. தொண்டாமுத்தூரில் தோப்பு வைத்திருக்கிற சித்தப்பாவைக் கேட்டதற்கு, மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தியில் மட்டையைக் கவிழ்த்து அடுக்கி மூடாக்குப் போடு, ஈரம் காக்கும், இரண்டு வருஷத்தில் மக்கி உரமாகும் என்றார். தோப்பில் ஆள் கூலி கொடுத்து அதைத்தான் செய்கிறாராம். நாங்கள் இத்தனை வருஷம் உரத்தை எரித்துக் குளித்திருக்கிறோம்.

14 ஜனவரி
போகி. எங்கள் பக்கம் இன்றைக்கு முக்கியம் காப்புக் கட்டுதான். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை சேர்த்துக் கூரையில் செருகுவோம். பழையது கொளுத்துவது சென்னை வழக்கம் என்று சின்ன வயதில் கேலி செய்வோம். இப்போது இங்கேயும் ஓர் அடுக்ககத்துக்காரர்கள் டயரைக் கொளுத்துகிறார்கள். மூக்கனைத் துணி போட்டு மூடிவிட்டேன். பார்த்து என்ன செய்ய.

27 ஜனவரி
"என் செல்போனில் இன்று 153, ஆரோக்கியமற்றது என்கிறது, அரசு இணையதளத்தில் 100, திருப்தி என்கிறது, யார் திருடன்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் திருடனில்லை. ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் நுண்தூசு இருந்தால் இந்தியக் காற்றுத்தரக் குறியீட்டில் 100, அமெரிக்கக் குறியீட்டில் 150க்கு மேல். காற்று ஒன்றே, மார்க் போடுகிற வாத்தியார் வேறு. நம் நாட்டில் 24 மணி நேரச் சராசரிக்கு வரம்பு அந்த 60தான், 2009இல் வைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. வீசிங் உள்ள அம்மாவுக்கு எந்த வாத்தியார் சரி என்று என்னைக் கேட்டால், கண்டிப்பானவர்தான்.

அப்புறம், இந்தக் குறியீடு ஒரு நாள் முழுவதற்குமான சராசரியை வைத்து வருவது. காலை ஆறு மணிக்கு மூச்சு முட்டி, மதியம் காற்று சுத்தமாகிவிட்டால் சராசரியில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். வாக்கிங் போகிறவர்கள் சராசரி நேரத்திலா போகிறார்கள்?

11 பிப்ரவரி
முதல் நாள் எழுதிய பதிலில் ஒரு பெரிய தப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

பாலக்காட்டு வாசலுக்கு நேர் எதிரே நாம் இல்லை. வாசலின் வடக்கு நிலைக்கட்டைக்குப் பின்னால் ஒதுங்கி இருக்கிறோம். நொய்யலின் மேல்பள்ளத்தாக்கு குதிரை லாடம் மாதிரி. வடக்கே மலை, மேற்கே வெள்ளியங்கிரி, தெற்கே மலை. கிழக்கு மட்டும் திறப்பு. அந்தத் திறப்பில் பேரூர், அதற்கு அந்தாண்டை மொத்தக் கோவை மாநகரம்.

இப்போது காற்றின் திசையைச் சேர்த்துப் பாருங்கள். வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரைக்கும் மேற்கிலிருந்து வீசும், எங்கள் தூசெல்லாம் நகரத்துக்குப் போகும், அங்கிருந்து உங்கள் திருப்பூர்ப் பக்கம் வரும். ஐப்பசிக்கு மேல் திசை மாறி, கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மெல்ல வீசும். அப்போது நகரத்து வண்டிப்புகை இந்த லாடத்துக்குள் வந்து நுழையும். முன்னே போக வழியில்லை, மேலே தட்டு. நானும் ஒன்பது மட்டை அடுப்பும் மட்டும் குற்றவாளி இல்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஆனால் பழியை முழுக்க நகரத்தின் மேல் போடவும் மனசு வரவில்லை. எட்டரை ஒன்பது மணிக்கு ஒரு தடவை எண் ஏறுகிறது, அது நகரத்து வண்டிகளும் வெயிலில் தட்டு உடையும்போது மேலே நின்ற புகை கீழே இறங்குவதும். அதிகாலை எகிறல் நம்முடையது. தெருமுனையில் பெருக்கிக் குவிக்கும் சருகும் அதில் சேர்த்தி. பெருக்குகிற அம்மாவைக் கேட்டேன். வண்டி வராவிட்டால் குவியலைத் தலையிலா தூக்கிப் போக முடியும் என்கிறார்.

12 பிப்ரவரி
ஒருவர் "மில் ஊரில் பிறந்துவிட்டு இப்போது தூசைப் பற்றிப் பேசுகிறீர்களே" என்று எழுதியிருக்கிறார். உண்மைதான். அப்பா ஒரு நூற்பாலையில், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற புளோ ரூமில் முப்பது வருஷம். ராத்திரி வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் பஞ்சு. திங்கட்கிழமை இருமல் மட்டும் எப்போதும் கூடுதல், ஞாயிறு விடுமுறை முடிந்து உள்ளே போவதால். "மில்லுக்காரன்னா இருமத்தான் செய்வான்" என்பார். அளக்கிற கருவி இருந்திருந்தால் என்ன காட்டியிருக்குமோ.

12 மார்ச்
சிவராத்திரி முடிந்தது. வெள்ளியங்கிரிக்குப் போகிற கூட்டம் சித்திரை வரைக்கும் இருக்கும். காலைப்புகை பெருமளவு குறைந்துவிட்டது. பதிலுக்குச் சாலைப்புழுதி, மூங்கில் காய்ந்த மலையில் தீ. போன வருஷம் ஏப்ரலில் ஆலாந்துறைப் பக்கத்து மலைக்காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் தண்ணீர் ஊற்றியது. ராத்திரி மாடியிலிருந்து பார்த்தால் மலைக்கு ஆரஞ்சு மாலை போட்டது மாதிரி. அழகு என்று சொல்ல வாய் வந்து, அடக்கிக்கொண்டேன்.

11 ஏப்ரல்
வெள்ளலூர் குப்பைக் கிடங்கு சில நாளாக எரிகிறது. "உங்க பக்கம் வருதா" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வரவில்லை, மேற்குக் காற்று காப்பாற்றுகிறது. அதற்காகப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வடவள்ளி 2011இல் மாநகராட்சியில் சேர்ந்தது. மலையடிவாரத்துச் சுத்தமான வீடுகளின் குப்பையும் அங்கேதான் எரிகிறது, இருமுவது வெள்ளலூர்.

28 ஏப்ரல்
ஈரோட்டில் 42 டிகிரியைத் தாண்டிவிட்டது. இங்கேயும் மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. "ஏசியே வேண்டாம்" தரகரை இன்றைக்கு மதியம் இரண்டு மணிக்குக் கூட்டி வாருங்கள். ஆனால் ஐந்து மணிக்கு மேல் பாலக்காட்டு வாசல் வழியாக ஒரு காற்று வருகிறது பாருங்கள், அது வந்தால் ஈரோட்டுக்காரர்களைப் பார்த்துப் பரிதாபப்படலாம்.

21 ஜூலை
ஆடிக்காற்று. அம்மி பறக்கவில்லை, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மூடி பறந்து எங்கள் முருங்கையில் மாட்டியிருக்கிறது. மலையில் கொட்டுகிறது, சிறுவாணி அடிவாரத்தில் கொட்டுகிறது, நமக்குச் சாரல் மட்டும். மலையின் மறைவில் இருக்கிறவர்களுக்கு எழுதியது அவ்வளவுதான், நம் மழை ஐப்பசியில். நொய்யலில் தண்ணீர் புரள்கிறது. மூக்கன் 8 என்கிறான். ஒற்றை இலக்கம்! கெட்டுப்போய்விட்டானோ என்று ஊதுவத்தியைக் காட்டிச் சோதித்தேன். உயிரோடுதான் இருக்கிறான்.

3 ஆகஸ்ட்
பதினெட்டாம் பெருக்கு. படித்துறையில் நல்ல கூட்டம், நாளைக்கு அமாவாசை வேறு. திருப்பூர் தம்பியும் வந்திருந்தார். இத்தனை மாதம் கழித்து நேரில் பார்க்கிறோம். ஆற்றங்கரையில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டு, "அண்ணா, என்னென்னமோ எழுதிப் பயமுறுத்திட்டீங்களே, இவ்வளவு சுத்தமா இருக்கு" என்றார்.

இதைத்தான் எழுத நினைத்தேன். ஆடியில் யாரும் வீடு குடிபோக மாட்டார்கள். காற்று நன்றாக இருக்கிற மாதத்தில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள், தை பிறந்தால் வழி பிறக்கும் என்று தட்டு மூடிய மாதத்தில் வந்து பால் காய்ச்சுவார்கள். வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பி. ஆற்றோரப் பள்ளத்தில் பார்த்ததை விட்டுவிட்டு, மேட்டில் நாலு வீடு தள்ளிப் பாருங்கள். மார்கழி, தை, மாசியில் அம்மாவின் நடையைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். முன்பணம் கொடுக்கும் முன்னால் தையில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, தரகரிடம் சொல்லாமல் வந்து தெருவில் நில்லுங்கள். மூக்கனை இரவல் தருகிறேன்.

எங்கள் அம்மா அதையும் திருத்தினார். "அந்தத் தம்பி தனியா வந்து என்ன பண்ணும்? மூச்சு விடப்போறது அவங்கம்மா. கூட்டிட்டு வரச் சொல்லு, ராத்திரி நம்ம வீட்லயே தங்கட்டும். தண்ணி ஹீட்டர்லயே வெக்கறேன்னு சொல்லு."

ஹீட்டர் நேற்றுதான் மாட்டினோம்.